வேண்டுதல் இல்லாத நடை

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கன்னியாகுமரி வரை கடலோரமாகவே நடப்பது என்பதுதான் திட்டம். மூன்று வாரம் நடந்த பிறகு நாங்கள் செய்யூர் பக்கத்துக் கடற்கரையில் இருந்தோம். சொந்த மாவட்டத்தைக்கூடத் தாண்டவில்லை.

நடக்கலாம் என்று சொன்னது மகள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அவள் சாக நினைத்தாள், பிழைத்துவிட்டாள். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. காரணம் இன்றுவரை தெரியாது. வேலையா, யாராவது பையனா என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். டாக்டரிடம் அவள் சொன்னது ஒரே வார்த்தை: "களைப்பு."

அதன்பின் நான்கு மாதம் அணுபுரம் குவார்ட்டர்ஸில் தன் அறையை விட்டு அவள் அதிகம் வரவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ஒரு நாள் காலை காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "கடலோரமாவே நடந்து கன்னியாகுமரி வரைக்கும் போகலாமாம்மா?" என்றாள். நான்கு மாதத்தில் அவளாகத் தொடங்கிய முதல் பேச்சு அது. இமயமலை என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன். தனியாக விட வேண்டாம், மெதுவாகப் போங்கள், மாத்திரை உங்கள் கையிலேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். கணவருக்குக் கல்பாக்கம் அணுமின் ஆலையில் விடுப்பு கிடைக்கவில்லை.

மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"யார்கிட்டயும் என்னைப் பத்தி எதுவும் சொல்லக் கூடாது. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம்."

முதல் வாரம் மணலோடு போனது. ஈர மணலில் நடந்தால் கால் புதையாது, ஆனால் கரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேலே ஏறி நடந்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். சில இடங்களில் விடுதிக்காரர்கள் மதிலுக்குக் கீழே பாறாங்கல் கொட்டி வைத்திருந்தார்கள். அலை பின்வாங்கும் நேரம் பார்த்து ஓடிக் கடக்க வேண்டும். மாத்திரையின் மயக்கத்தில் அவளுக்குப் பத்து மணிக்கு முன் கால் எழாது. பத்து மணிக்கு மேல் வெயிலில் என்னால் முடியாது. ஒரு நாளைக்கு மூன்று கிலோமீட்டர் போனால் பெரிது. சில நாள் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவே மாட்டாள். பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போகும் மாமல்லபுரத்துக்கு எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது.

தெற்கே நடப்பவர்களுக்குக் கடல் இடது கைப்பக்கம். நான் எப்போதும் அவளுக்கு இடப்பக்கமாகவே நடந்தேன். அலை வந்து என் செருப்பைத்தான் நனைக்கும். ஐந்தாறு நாள் பொறுத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"நீ என்ன எனக்கு வேலியா?"

"வெயில் அந்தப் பக்கம்மா. உனக்கு நிழல் விழட்டும்னு."

"மணி மூணு. வெயில் மேற்கே இருக்கு."

நான் குனிந்து நனைந்த செருப்பை உதறினேன். அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன்.

இரண்டாம் வாரக் கடைசியில் கல்பாக்கம் வந்தது. அங்கே கரை வழி கிடையாது, ஆலையின் வேலி. மேலே ஏறி மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். என் கணவர் ஸ்கூட்டரில் எலுமிச்சை சாதம் கொண்டுவந்து ஒரு புளியமரத்தடியில் காத்திருந்தார். வீடு அங்கிருந்து பத்து நிமிடம்.

"ஒரு குளியல் போட்டுட்டுப் போகலாமே கண்ணு" என்றார்.

"வந்தா திரும்பக் கிளம்ப மாட்டேன்ப்பா."

அப்படியென்றால் போக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். இப்போது யோசித்தால், அவள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள், வேறொன்றுமில்லை.

அதுவரை எங்களைப் பார்த்த எல்லோருக்கும் சந்தேகம். தாயும் வயசுப் பெண்ணும் பை தூக்கிக்கொண்டு கரையில் நடந்தால் சும்மா விடுவார்களா? "வூட்ல சண்டையா?", "பொண்ண எங்கனா இஸ்துகினு ஓடுறியா?" என்று கேட்டவர்கள் உண்டு. புதுப்பட்டினம் வந்தபோது வேளாங்கண்ணி நடைப்பயணக்காரர்கள் காவி உடுத்திக்கொண்டு கூட்டங்கூட்டமாக ரோட்டில் போக ஆரம்பித்திருந்தார்கள். டீக்கடைக்காரர் எங்களையும் அவர்களோடு சேர்த்து, "வேளாங்கண்ணிக்கா? வா யக்கா, குந்து" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பக்கத்துக் கடையில் இரண்டு காவித் துண்டு வாங்கினேன். வெயிலுக்கு என்று மகளிடம் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கித் தலையில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. மோர் கொடுத்தார்கள். நடப்பவர்களுக்காகப் போட்ட பந்தலில் படுக்க இடம் கிடைத்தது. இந்துவா கிறிஸ்தவரா என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் அந்த மாதாவுக்கு எல்லோரும் நடப்பார்கள். நான் வாய் திறந்து பொய் எதுவும் சொல்லவில்லையே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பாலாறு கடலில் சேரும் இடத்தை முழங்கால் தண்ணீரில் கடந்தோம். இன்னும் இரண்டு நாள் தெற்கே நடந்து ஒரு மீனவக் குப்பம். என் வயதுள்ள ஒரு பெண் வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காவித் துண்டைப் பார்த்ததும் கூப்பிட்டாள்.

"யம்மா, நில்லு. இந்த வெயில்ல இன்னா நடை? வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போ."

வாசல் கொட்டகை நிழலில் உட்காரவைத்து சோறும் மீன் குழம்பும் போட்டாள்.

"இன்னாத்துக்கு வேண்டுதலு? பொண்ணு கல்யாணத்துக்கா?"

சோற்றை மென்றுகொண்டே சும்மா இருந்திருக்கலாம். "ஆமாங்க. நல்ல இடமா அமையணும்னு" என்றேன். மகளின் கை தட்டில் நின்றுவிட்டது.

அந்தப் பெண் சிரித்தாள். "இன்னா பாப்பா, ஒரு மாப்ளைக்கா இம்மாந்தூரம் நடக்குற? எங்க குப்பத்துல வந்து நின்னீன்னா அஞ்சி பேரு அட்சிக்குவானுங்க. அதுல ஒர்த்தன் குடிக்க மாட்டான். அவனுக்குத்தான் முன்பல்லு இல்ல."

நானும் சிரித்தேன். அவள் உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய மூன்று மெழுகுவத்திகளைக் கொண்டுவந்து மகளின் மடியில் வைத்தாள்.

"என் புள்ள கடல் தொழிலுக்குப் போனான். போட்டு மட்டும் கரைக்கு வந்துச்சி, அவன் வரல. ரெண்டு வருசமாவுது. நடந்து போறவங்க கையால கொளுத்துனா மாதா கேப்பான்னு சொல்றாங்க. நீ கொளுத்து கண்ணு. எங்கனா ஒரு கரையில கீறான்னு சேதி வந்தாப் போதும்."

மகள் மெழுகுவத்தியைத் தொடவில்லை.

"அக்கா, நாங்க வேளாங்கண்ணி போகலை. வேண்டுதல் எதுவும் இல்ல. நான் சாகப் பாத்தேன். திரும்ப அப்படிப் பண்ணிடக் கூடாதுன்னு எங்கம்மா கூடவே வர்றாங்க. கல்யாணம்னு சொன்னது பொய்."

அந்தப் பெண் முதலில் என்னைத்தான் பார்த்தாள். பிறகு குனிந்து மடியிலிருந்த மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எம்புள்ள வாழணும்னுதான்டி போனான்" என்றாள், மகளைப் பார்த்து, சத்தம் போடாமல். "புதுப் போனு வாங்கணும், தங்கச்சிக்குக் கம்மல் வாங்கணும்னு சொல்லிக்கினே போனான். உனுக்கு இன்னாடி..."

எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்சம் கழித்து உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "சோத்த வீணாக்காம துன்னுட்டுப் போங்க."

மகள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். ஊரைத் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில் போய் உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். நாலு பேர் நம்மைத் தப்பாகப் பார்க்கக் கூடாதே என்றுதான் சொன்னேன் என்றேன்.

"தெரியும்மா" என்றாள். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "இந்த மூணு வாரத்துல ஒண்ணே ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. நான் யாருன்னு யாருக்கும் தெரியாது, யாருக்காகவும் நான் எதுவாவும் இருக்க வேண்டியதில்ல. இப்ப நான் கல்யாணம் ஆகாத பொண்ணு ஆயிட்டேன். அப்புறம் அந்த அக்கா முன்னாடி, அவங்க புள்ளைக்குக் கிடைக்காததைத் தூக்கிப் போட்டவ ஆயிட்டேன். வீட்டுக்குப் போகலாம்."

"கால் வலின்னா ரெண்டு நாள் இங்கேயே..."

"கால் வலிக்கலை."

ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினோம். மூன்று வாரத்தில் நடந்ததில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திரும்பக் கடக்க வேண்டியிருக்கவில்லை. வீடு அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து வழி முழுக்கத் தூங்கினாள். கண்டக்டர் அவள் தலையிலிருந்த துண்டைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பாதியிலயே திரும்பிட்டீங்க? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இந்த முறை நான் பதில் சொல்லவில்லை.

இப்போது ஒரு மாதம் ஆகிறது. மாத்திரை போடுகிறாள், சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். போன வாரம் நான்தான் பேச்சை எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம், இந்தத் தடவை நான் வாயே திறக்க மாட்டேன் என்றேன்.

"நீ பக்கத்துல நின்னாலே போதும்மா, எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றாள்.

அவள் சொல்வது சரி. என் முகத்தில் அந்தப் பயம் எழுதியிருக்கிறது. கண்ணாடியில் நானே பார்க்கிறேன். அவளைத் தனியாகக் கடலோரம் அனுப்ப என்னால் முடியாது. அனுப்பு என்று அவளும் கேட்கவில்லை.