மல்லாட்டை மூட்டையும் அப்பாவின் பிரஷரும்

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. அந்தப் பாடத்தில் பாதியை எனக்குப் புரிய வைத்தது அப்பா சுமந்த மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, என்றால் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. பனமலைப் பக்கம் சொந்த நிலம். வரப்பு தெரியாமல் ஒருநாள் கிணற்று விளிம்பு வரைக்கும் போய்விட்டார். இனி ஆபரேஷன்தான் என்று விழுப்புரத்தில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் காட்டினோம். பிரஷர் இறங்கினால்தான் செய்ய முடியும் என்றார். போகும்போதெல்லாம் அது எகிறியே இருந்தது. மாத்திரையைக் கூட்டினார். மாத்திரை போட்டால் வீட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடி அதே உச்சம்.

"மிஷினு சரியாக்கீதா, பாரும்மா" என்றார் அப்பா என்னிடம்.

"ஒரு தபா தப்பாக் காட்டலாம்ப்பா. எல்லாத் தபாவும் ஒரே மாதிரி காட்டுனா அது நெஜம்தான்" என்றேன். படித்த வாய் ஆயிற்றே!

அப்பாவுக்கு யாரைப் பார்க்கப் போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாது. டாக்டரம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டுவருவார். அது எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஊரில் யாராவது பஸ் ஏற்றிவிட்டால் பழகின தடத்தில் அப்பா தனியாகவே வந்துவிடுவார். நானும் திண்டிவனம் பஸ்ஸில் வந்து நேரே ஆஸ்பத்திரி மாடியில்தான் அவரைப் பார்ப்பேன். மூட்டையோடு வந்த பெரியவரைக் காக்க வைக்க மனமில்லாமல் ஆஸ்பத்திரிக்காரர்கள் உடனே உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

ஒரு முறை வீட்டில் விதைக்கு வைத்த மல்லாட்டைதான் மிச்சம். அதில் அப்பா கை வைக்க மாட்டார். வெறுங்கையோடு வந்த வெட்கத்தில், யார் கண்ணிலும் படாமல் வரிசையின் கடைசியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பிரஷர் பார்த்தால், இறங்கியிருந்தது. டாக்டரம்மா பட்டையை அவிழ்த்து இன்னொரு கையிலும் கட்டிப் பார்த்தார். அதிலும் அப்படியே.

"இன்னைக்கு என்னங்கய்யா புதுசா பண்ணீங்க?"

"ஒன்னும் பண்ணலீங்கம்மா. இந்தத் தபா மல்லாட்டைதான் எடுத்தாரல. மன்னிச்சுக்கோங்க."

"அதை எப்படிக் கொண்டு வருவீங்க?"

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து தோள்ல வச்சிக்கினு வருவேன். ஆட்டோக்காரன் கேக்கறதுக்கு மல்லாட்டையே வாங்கிடலாமே!"

மாடிப்படி ஏறி முடிக்கும் வரைக்கும் சுமை, இறக்கி வைத்ததும் பிரஷர் மிஷின். ஆரோக்கியமான ஆளுக்கே எகிறும். மிஷின் பொய் சொல்லவில்லை. மூட்டை தூக்கி வந்தவருடைய பிரஷரை ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் காட்டியிருக்கிறது. தட்டுக்கு அடியில் புளி ஒட்டிய தராசும் எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடைதான் காட்டும். அளவு மாறாமல் வருவது வேறு, சரியாக வருவது வேறு. இரண்டையும் நான் வகுப்பில் தனித்தனியாக நடத்திக்கொண்டுதான் இருந்தேன்.

டாக்டரம்மா உடனே நாள் குறிக்கவில்லை. "இன்னைக்கு ஒரு நாளை வச்சு நம்ப மாட்டேன். மாத்திரையைக் குறைச்சுத் தர்றேன். அடுத்த வாரமும் வெறுங்கையோட வந்து, உக்காந்துட்டு அப்புறம் உள்ள வாங்க" என்றார். அப்படி வர அப்பாவுக்கு ஆபரேஷனை விடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் வந்தார். பிரஷரும் அடங்கியே இருந்தது.

நல்ல அளவைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு விட்டுவிடாமல், ஏன் என்று கேட்டாரே, அந்த மனுஷிக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று அப்பா முதலில் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"கண்ணு குடுத்தவங்களுக்கு ஒன்னுமே எடுத்தாராம வந்துக்கறனே, தாயி."

"எடுத்து வந்திருந்தீங்கன்னா இன்னும் கண்ணு தெரிஞ்சிருக்காதுங்கய்யா" என்றார் அவர்.

அப்பா சிரித்தார். வெளியே வந்ததும் வழக்கம்போல நான் கையை நீட்டினேன். அதைப் பிடிக்காமல், மாடிப்படியில் தானாகவே இறங்கிப் போனார்.