ஈயக்குண்டு வார்த்த வீரபாகு

சேவூரில் குழித்தறியில் பட்டு நெய்யும் வீரபாகுவுக்கு மழைக்காலம் ஆகாது. குழியில் தண்ணீர் ஊறும், தறியில் பூட்டிய பாவு நூல் நமத்துப்போகும், தறி நிற்கும். அதே மழையில் ஏரிகள் நிரம்புவதால், வீச்சுவலை வைத்திருப்பவர்களுக்கு வலையின் ஓரத்தில் கோக்க ஈயக்குண்டு தேவைப்படும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் தன் நாற்பத்தைந்தாவது வயதில் ஈயம் காய்ச்ச ஆரம்பித்தார்.

ஆரணியில் டயர் கடைகளிலும், பழைய பேட்டரி உடைக்கும் இடத்திலும் ஈயம் கிடைத்தது. ஒரு லேத் பட்டறையில் இரும்பு அச்சு செய்துகொண்டார். வெளியே மழை என்பதால் அடுப்பைத் தறி அறைக்குள் வைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் உருகிய ஈயம் தெறிக்கும் என்று ஜன்னலையும் சாத்திக்கொண்டார். பாதுகாப்பு விஷயத்தில் கவனமான ஆள். ஆறிய குண்டுகளில் பிசிறு இருந்தால் பல்லால் கடித்து எடுப்பார்.

மூன்றாவது மழைக்காலத்தில் வயிறு வலித்தது. மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். தை மாதம் ஒரு நாள் காலை, டவுன் பஸ்ஸை நிறுத்த வலது கையை நீட்டினார். முழங்கை உயர்ந்தது; மணிக்கட்டுக்குக் கீழே கை தொங்கியது. பஸ் நிற்காமல் போனது. டிரைவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்து, ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவின் கயிற்றைப் பிடித்தபோதுதான் குறை டிரைவரிடம் இல்லை என்று தெரிந்தது.

நரம்பு பிசகியிருக்கும் என்று நாட்டு வைத்தியர் ஒருவர் எண்ணெய்க் கட்டுப் போட்டார். இருபத்தொரு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கை முன்னைவிட வெளுத்திருந்தது. மற்றபடி மாற்றமில்லை.

மனைவி பரிமளா அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே டயானா என்ற இளம் டாக்டர் விசாரித்தார்.

“என்ன வேலை செய்றீங்க?”

“தறிங்க.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லீங்க.”

“ஈயம் காச்சுவாருங்க, ரூமுக்குள்ள,” என்றாள் பரிமளா.

“அது வேலை இல்லீங்க. மழையில சும்மா குந்திகினு இருக்க முடியாம செய்றது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ஐந்துக்குள் இருக்க வேண்டிய ஈயம், வீரபாகுவின் ரத்தத்தில் எழுபத்தெட்டு இருந்தது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பரிமளாவுக்கு இருபத்திரண்டு.

“நான் அதைத் தொட்டதே இல்லீங்களே,” என்றாள் அவள்.

“அந்த ரூமைப் பெருக்குனது யாரு?” என்று டாக்டர் கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வீரபாகு ரத்தச் சீட்டு இரண்டையும் ஆரணி வரைக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எழுபத்தெட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. இருபத்திரண்டுதான் உறுத்தியது.

மறுநாள் டாக்டர் சொல்லியனுப்பியபடி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தறி அறையை ஈரத்துணியால் துடைத்தார். இடது கையாலேயே துடைத்ததில் நான்கு நாள் ஆனது. பரிமளாவை உள்ளே விடவில்லை.

அந்த வாரம் சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து வலைக்காரர் அன்பரசு வந்தார்.

“நீங்கதான் காச்சலியே, அச்சைக் குடுத்துடுங்க. நான் காச்சிக்கிறேன்.”

“வூட்ல எத்தினி பேரு?”

“நாலு பேருங்க.”

“குடுக்க மாட்டேன்.”

“இன்னா பேஜார்ங்க இது! அச்சைக் கேட்டா எம்மாந் துட்டு வேணும்னு சொல்லுங்க, எங்கூட்டு ஆளுங்கள ஏன் எண்றீங்க?”

வீரபாகு ரத்தச் சீட்டு இரண்டையும் எடுத்துக் காட்டினார். அன்பரசுக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு, தானும் வலை வீசும்போது ஈய ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்வது வழக்கம் என்று சொன்னார். பிறகு அச்சைக் கேட்காமலே போய்விட்டார். அச்சை லேத் பட்டறைக்கே கொண்டுபோய் நான்காக அறுத்துத் தரச் சொன்னார் வீரபாகு. நல்ல அச்சாயிற்றே என்று பட்டறைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் அறுத்தார்.

வீரபாகுவுக்கு ஈயத்தை இறக்கும் மாத்திரை ஏழு மாதம் ஓடியது. பரிமளாவின் ரத்தத்தில் ஈயக் கணக்கு ஆறுக்கு இறங்கியதாக டாக்டர் சொன்ன அன்று, வீரபாகு ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். தன் கணக்கைக் கேட்க மறந்துவிட்டார். அவள்தான் திரும்பிப் போய்க் கேட்டு வந்தாள். இருபத்தாறு.

மணிக்கட்டு மெல்ல மெல்ல எழுந்தது. நடுவிரல் மட்டும் இன்னும் முழுதாக நிமிரவில்லை. பதினைந்து நாளில் முடிக்கும் சேலை ஒன்றை இரண்டு மாதத்தில் நெய்து, பட்டுக்கடை முதலாளி ஜெயக்குமாரிடம் கொண்டுபோனார். அவர் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இங்க ஒரு முழம் தளர்ந்து கீதே.”

“அங்க கை வலிச்சுதுங்க.”

ஜெயக்குமார் சேலையை மடித்து வைத்துவிட்டு, அடுத்த சேலைக்குப் பாவு நூலை எடுத்துக் கொடுத்தார்.