முப்பத்தேழு செருமல்

கேசட்டைக் கையில் வாங்கியதும் முதலில் மோந்து பார்ப்பார். பிறகுதான் ஆளைப் பார்ப்பார். "பரண்ல கெடந்துச்சா? பூஞ்சை பிடிச்சிருக்கு." கொண்டுவந்தவர் வாயைத் திறக்குமுன்பே சொல்லிவிடுவார். எங்கள் தெருவில் அவருக்கு மோப்பம் என்றே பெயர். அது அவர் காதிலும் விழும். "மோப்பம் பிடிக்கிற நாய்க்காவது வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்குது" என்பார்.

வீட்டு விசேஷங்களை எடுத்த பழைய வீடியோக்களைக் கணினியில் ஏற்றி, சீர்செய்து கொடுப்பது அவர் தொழில். என் பூட்டுச்சாவிக் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரு பலகைதான். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. ஹெட்போன் ஒரு காதில் மட்டும். தெருவில் வாடிக்கையாளர் யாராவது எதிர்ப்பட்டால் சட்டென்று சந்தில் திரும்பிவிடுவார். "அந்தம்மா கல்யாணத்துல அழுதத நாலு நாள் பாத்திருக்கேன். மூஞ்சிக்கு நேரா எப்படிப்பா சிரிக்கிறது?"

அவருக்கு ஜென்மப் பகை இரைச்சல். "படம் மங்கலா இருந்தா மன்னிச்சுடுவாங்க. இரைச்சல் காதுல குத்தும்." சுத்தமான பிரதி தயாரானதும், முதலில் ஏற்றிய பதிவைக் கணினியிலிருந்து அழித்துவிடுவார். "குளிச்ச தண்ணியப் பிடிச்சா வைப்பாங்க?"

போன மாதம் ஒரு தையல்காரம்மா ஒரே ஒரு கேசட்டோடு வந்தார். அவருடைய மகள் இரண்டு வயதில் பூங்காவில் ஓடியாடிய படம். "ஒரு தடவைதாம்மா ஓடும். அதுக்கப்புறம் இது குப்பை" என்று சொல்லித்தான் மோப்பம் அதை வாங்கினார். அப்படியே ஆயிற்று. பதிவு கணினியில் ஏறிவிட்டது. ஆனால் நாடாவின் பூச்சு முழுக்கப் பழுப்புத் தூளாக உதிர்ந்துபோனது.

பன்னிரண்டு நாள் உழைத்தார். புல்லுக்குப் பச்சை வந்தது. குழந்தையின் கவுனில் புள்ளிகள் தெரிந்தன. "கேமரா பிடிச்சவன் செருமிக்கிட்டே இருக்கான்பா. முப்பத்தேழு எடம்!" ஒவ்வொன்றாக வெட்டி, அதே பதிவிலிருந்து காற்றுச் சத்தத்தை எடுத்து அங்கே ஒட்டினார். ஒட்டே தெரியவில்லை. "கைய வச்சா சுத்தம்ணே" என்று நான்கூடப் பாராட்டினேன்.

தையல்காரம்மா மகளோடு வந்து திரையின் முன் உட்கார்ந்தார். மகளுக்கு இப்போது இருபது வயதிருக்கும்.

"அப்பா எங்கம்மா?"

"எடுத்ததே அவருதானேடி, படத்துல எப்படி வருவாரு? காதக் குடுத்துக் கேளு. உன்னப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாரு. செருமுவாரு. நீ திரும்பிப் பாப்ப."

திரையில் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. காற்றுதான் கேட்டது.

"இதுல இல்ல போல. அடுத்ததுல பாரு."

குழந்தை மறுபடி திரும்பியது. மறுபடி காற்று.

மோப்பம் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா... இரைச்சல்னு நெனச்சு நான் அத எடுத்துட்டேன்."

"திருப்பிப் போட முடியாதா?" என்றாள் மகள்.

"அழிச்சாச்சு பாப்பா."

தையல்காரம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அவரு குரல் வேற எதுலயும் இல்லீங்க. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். எழுந்துகொண்டே, "படம் பளிச்சுனு இருக்குங்க" என்றும் சொன்னார். மகள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் பலகையைத் தாண்டிப் போனேன். "அழிச்சத மீட்டுக் குடுக்க ஆள் இருக்காங்களாமேண்ணே?"

"அது இருந்த எடத்துல மூணு கல்யாண வீடியோ ஏறிடுச்சு."

"தெரியாமத்தானே செஞ்சீங்க."

"என்ன தெரியாம? ஒவ்வொரு செருமலையும் நாலு தடவ கேட்டேன். குழந்தை திரும்பினதையும் பாத்தேன். எதுக்குத் திரும்புதுன்னு தோணவே இல்லையேப்பா."

தரையில் குந்தி, குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். அந்த நாடா ஓடி முடிந்த அன்று இயந்திரத்தைத் துடைத்துப் போட்ட பஞ்சுத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கினார். மூன்று கிடைத்தன. மூன்றிலும் பழுப்புத் தூள் அப்பியிருந்தது. வெள்ளைத்தாளை விரித்து அதன்மேல் வைத்தார்.

கடைக்குள் ஒரே புழுக்கம். நான் மின்விசிறியைப் போட்டேன். அவர் இரண்டு கைகளாலும் பஞ்சைப் பொத்திக்கொண்டார்.