உடும்பு போட்ட பதினெட்டு ஆணிகள்

அண்ணன் பாறையில் பதித்த ஆணி ஒன்று கையால் திருகினாலே சுழல்கிறதாம். எனக்குச் சொன்னவர் வீட்டுக்கு வந்திருந்த என் மனைவியின் சித்தப்பா. அவருக்குச் சொன்னது ஊரிலிருக்கும் அவர் மகன். மகனிடம் யார் சொன்னார்கள் என்று கேட்டேன், தெரியவில்லை. "ஆணி ஒட்டுற பசையில உங்கண்ணன் மிச்சம் பிடிச்சிட்டார் போல மாப்பிள்ளை. லிஃப்டுக்காரங்க புத்தி எங்க போகும்?" என்று சித்தப்பா சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக கிரீஸ் நாற்றமடிக்கும் இருட்டுப் பொந்துக்குள் தொங்குகிறவர். நாற்பது வயதில், மலையடிவாரத்து விடுதி ஒன்றில் லிஃப்ட் மாட்டப் போனபோது, எதிர்ப் பாறையில் சிலர் கயிறு கட்டி ஏறுவதைப் பார்த்திருக்கிறார். "இதுக்கு என்ன கூலி?" என்று விசாரித்தாராம். கூலியெல்லாம் கிடையாது, கைக்காசுதான் போகும் என்றார்களாம். "அப்ப நானும் வரேன்" என்றிருக்கிறார். ஆறே மாதத்தில் அவருக்கு உடும்பு என்று பெயர் விழுந்தது. அண்ணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "டியூப்லைட் மாத்த ஸ்டூல்ல ஏறச் சொன்னா மட்டும் இந்த உடும்புக்கு முட்டி வலிக்கும்."

அந்தப் பாறையின் இடது பக்கம் நாற்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர் யாரும் ஏறாமல் கிடந்தது. அதில் ஏற வழி போட அண்ணன் இறங்கினார். மேலிருந்து கயிற்றில் தொங்கி, ஆடுகிற கல்லைப் பெயர்த்துத் தள்ளி, துளையிட்டு, தூசியை ஊதி, பசை பீய்ச்சி, ஆணியைச் செருகிக் காயவிட வேண்டும். பிறகு ஏறுகிறவன் ஒவ்வோர் ஆணியிலும் கொக்கி மாட்டி, கயிற்றை அதில் கோத்துக்கொண்டே போவான். கை வழுக்கினால் கடைசியாக மாட்டிய ஆணிதான் உயிர். மொத்தம் பதினெட்டு. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள்.

ஆணியும் பசையும் நான் இங்கே வெளிநாட்டிலிருந்து அனுப்பியவை. பெட்டிக்குள் இருந்த ஆங்கிலக் குறிப்புத்தாளை அண்ணன் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். "ரெண்டு பாஷை படிச்சவன்ல, என்ன எழுதியிருக்குன்னு பாத்து சொல்லுடா." என்னை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்ததே அவருடைய முதல் சம்பளம். நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். மேசைக்கடியில் போனை வைத்து மேலோட்டமாகப் பார்த்தேன். "வழக்கமானதுதாண்ணா. கண்ல படாம பாத்துக்கங்க, கையுறை போட்டுக்கங்க" என்று பதில் போட்டேன்.

கையுறை போட்டுக்கொண்டார்.

சித்தப்பா கிளம்பிப் போனதும் அந்தப் படத்தைத் தேடியெடுத்தேன். ஏழாவது வரி. பசைக் குழாயின் நுனியில் புது மூக்கு மாட்டும்போதெல்லாம், முதலில் வருகிற பசையை நிறம் சீராகும்வரை வெளியே பீய்ச்சி எறிந்துவிட வேண்டும். அது இரண்டு பாகமும் மூக்குக்குள் சரியாகக் கலக்காத பசை. மேலே இறுகினதுபோல் தெரியும், உள்ளே இறுகாது. அண்ணன் எதையும் எறிகிறவரில்லை. அதுவும் தம்பி அனுப்பியது. ஒவ்வொரு ஞாயிறும் புது மூக்கு மாட்டியிருப்பார், அந்த முதல் பசையை அன்றைய முதல் துளைக்குள் விட்டிருப்பார். அப்படி எத்தனை ஆணி, எவையெவை? அவருக்கே நினைவிருக்காது.

வியாழக்கிழமை கூப்பிட்டேன், சொல்லிவிடத்தான்.

"உன் காதுக்கும் வந்துடுச்சா?" என்றார். "ஒரே ஒரு ஆணிடா. பிடுங்கிட்டு வேற போட்டாச்சு. அதுக்குள்ள உடும்பு பசையைத் திருடிட்டான்னு கதை கட்டிட்டானுங்க. இத்தனை வருஷத்துல என் லிஃப்ட்ல ஒருத்தனுக்கு நகம் பேந்திருக்கா?"

"இல்லண்ணா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இரு, கேளு. ஞாயித்துக்கிழமை எல்லாப் பயலுகளையும் வரச் சொல்லிருக்கேன். கீழேருந்து ஏறி, ஒவ்வொரு ஆணியையும் தாண்டிப் போய் வேணும்னே விழுந்து காட்டப்போறேன். மச்சான்தான் கயிறு பிடிக்கிறான். அப்புறம் எவன் வாயத் திறப்பான்?"

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "அங்க மழை இருக்காண்ணா?" என்று கேட்டேன்.

"மழையா? வெயில் மண்டையைப் பொளக்குது. ஏன்டா, குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"சளிண்ணா."

"வெந்நீர் குடி."

மூன்று நாளாக அந்த ஒரு விஷயத்தை இரண்டு மொழியிலும் எழுதி எழுதி அழித்தேன். கெட்ட ஆணியைத்தான் மாற்றிவிட்டாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைத் திட்டியிருந்தால்கூட ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் திட்டமாட்டார், "பரவால்லடா" என்பார். அதைக் கேட்கத்தான் எனக்குத் திராணியில்லை.

இன்று ஞாயிறு. முதலில் அண்ணியைக் கூப்பிட்டேன்.

"விடியறதுக்கு முன்னாடியே கிளம்பியாச்சு தம்பி. எட்டுப் பத்துப் பேரு, வேடிக்கை பாக்கப் போற மாதிரி போயிருக்காங்க. என்ன அவசரம்?"

"சும்மாதான் அண்ணி."

அண்ணி வைத்த பிறகு அண்ணனின் எண்ணுக்கு அடித்தேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. அண்ணியின் தம்பிக்கு அடித்தேன். கயிறு பிடிக்கிறவன் கையை எடுத்துப் போனைத் தொடமாட்டான், தொடவும் கூடாது. மறுபடியும் அண்ணனுக்கு அடிக்கிறேன். பாறையடியில், பைக்குள் கிடக்கும் போனின் சத்தம் யாரோ ஒருவர் காதிலாவது விழாதா. மணி போய்க்கொண்டே இருக்கிறது.