கத்திரி வெயிலில் செடி பார்க்கப் போன அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அழுது வடிந்து எழுதக் கூடாது என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணனை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வருகிறது.

ஐயம்பேட்டையில், கூலி வேலை செய்த எங்கள் பெற்றோருக்கு மூத்தவராகப் பிறந்தார். அப்பா தவறியதும் படிப்பை விட்டுச் சித்தாளாகப் போனார், மேஸ்திரியானார், என்னை ஆசிரியை ஆக்கினார். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவர், தலை நரைத்த பிறகுதான் செவிலிமேட்டில் தமக்கென ஒன்று கட்டினார்.

வாசலில் ஆசையாக ரோஜா வைத்தார். போர்வெல்லில் உப்புத் தண்ணீர். மூன்று கோடையிலும் கருகிப் போயின. “சாவாத செடி ஒண்ணு ஒலகத்துல இல்லியா?” என்றார் அண்ணி. அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஊரே வீட்டுக்குள் அடங்கும் கத்திரி வெயிலில் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். “மழையில எல்லாச் செடியும் நல்லாதான் இருக்கும்மா. இந்த வெயில்ல எது பூக்குதோ அதான் நம்ம வூட்டுக்குத் தாங்கும்” என்பார். ஓரிக்கையில் ஒரு வீட்டு வாசலில் அடீனியம் என்கிற பாலைவன ரோஜா பூத்துக் குலுங்கியது. மூன்றாம் நாளும் போய் நின்றவரை அந்த வீட்டம்மா பிடித்துக்கொண்டார்.

“தெனம் வந்து பாத்துக்கினு போறீங்களே, யாருங்க நீங்க?”

“செடி பாக்க வந்தேன்மா. இதுக்கு எத்தினி நாளைக்கு ஒருதபா தண்ணி ஊத்துறீங்க?”

“எங்க ஊத்துறோம்? அது பாட்டுக்கு நிக்குது!”

அடீனியம் கன்றோடு வீடு வந்தவரைப் பார்த்து அண்ணி, “என்னைப் பொண்ணு பாக்க ஒருதபாதான் வந்தாரு” என்றார்.

ஆற்று மணலும் உடைத்த செங்கல்லும் கலந்து அதை நட்டார். காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி என்று வாசல் நிறைந்தது. மண்ணில் விரல் விட்டுப் பார்ப்பார். உள்ளே காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.

ஒரு மார்கழியில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். செடிகளை என்னிடம் விட்டார்கள். அடீனியம் இலையெல்லாம் உதிர்த்தது. பனிக்காலத்தில் அது அப்படித்தான் என்று எனக்குத் தெரியாது. பதறிப்போய்க் காலையிலும் மாலையிலும் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினேன். அடித்தண்டு கொழகொழவென்று ஆனது. செடி போனால் அண்ணனும் போய்விடுவார் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவர் கேட்கும்போதெல்லாம், “நல்லா இருக்குதுண்ணா” என்று பொய் சொன்னேன். நான்காம் நாள் முடியவில்லை, உடைந்து அழுதுவிட்டேன்.

அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஆசையில ஊத்திட்ட. அதுக்கு ஏம்மா அழுவுற? புடுங்கி அழுகலை வெட்டு. மஞ்சத்தூள் தடவி நெழல்ல காய வை. பத்து நாள் அது பக்கமே போவாத!”

அந்தப் பத்து நாளும் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததுதான் என் வாழ்நாளின் பெரும்பாடு. செடி பிழைத்தது. அண்ணனும் வீடு திரும்பினார். அடுத்து வந்த பங்குனியில் அது பூத்தபோது, நாற்காலியை அதன் எதிரில் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். கத்திரி பிறக்கும் முன்பே அமைதியாகக் கண் மூடினார்.

கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த கொத்தனார் தம்பிகளுக்கும், காரியத்துக்கு ஓடி வந்த ஓரிக்கை அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த நினைவு மலரோடு ஆளுக்கொரு அடீனியம் கன்று தருகிறோம். அண்ணன் வைத்த அந்தச் செடியின் விதையில் முளைத்தவை. அண்ணன் நினைப்பு வரும்போதெல்லாம் தயவுசெய்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். ஒரு வாரம்கூடத் தாங்காது.