ரோஜுப்பேட்டைச் சாலையில் கடைசிப் படம்

நகரியைத் தாண்டி, ரோஜுப்பேட்டைக்குப் போகும் புளியமரச் சாலையில் நிற்கிறேன். பெட்டிக் கேமராவில் இன்னும் ஒரே ஒரு படம்தான் எடுக்கலாம். காலை வெயில் சாய்வாக விழுந்து வண்டித்தடம் மின்னுகிறது. சாலையில் ஆள் இல்லாத நேரத்துக்காகக் காத்திருக்கிறேன். தெரியாதவர்களை நிற்கச் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் என் படங்கள் எல்லாமே ஆளில்லாத சாலைகள்தான்.

வயலிலிருந்து ஒரு அம்மாள் செம்பில் மோரோடு ஏறி வருகிறார்.

"குடிங்க சாமி. எல்லை அளக்க வந்தவருதானே? கோடு எங்க கொல்லை நடுவுல போவுதுன்றாங்க. கெணறு அந்தாண்ட, நெலம் இந்தாண்ட. ரெண்டையும் ஒரே பக்கம் போட்டுடுங்க. ஆந்திராவோ மெட்ராஸோ, எதுன்னாலும் சரி."

மோரைக் குடித்த பிறகுதான் எனக்குப் பேச்சு வருகிறது. "நான் ஆபீசர் இல்லம்மா. ரோட்டைப் படம் புடிக்க, வெளிச்சத்துக்காக நிக்கிறேன்."

"வெளிச்சத்துக்கா? ஏன்யா, உங்க ஊர்ல வெயிலே அடிக்காதா?"

சிரித்தபடி செம்பை வாங்கியவர், சட்டென்று சிரிப்பை நிறுத்துகிறார். "அப்போ எங்க கெணத்தப் பத்தி யாராண்ட சொல்றது?"

அவர் சாலையோடு நடக்கிறார். வளைவில் மறையட்டும் என்று வழக்கம்போல விரல் காத்திருக்கிறது. ஆனால் அவர் மறைவதற்குள்ளேயே விசையைத் தட்டிவிடுகிறேன்.

இப்போது சாலையில் யாரும் இல்லை. கேமராவில் பிலிமும் இல்லை.