சமையற்கட்டு சரியில்லாத பங்களா

கிதர் முகம்மது மாஸ்டர் மவுத்தான மூன்றாம் நாள், பேகம்பூரில் அவருடைய வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவர் கையைப் பற்றித்தான் பேசினார்கள். முப்பத்தைந்து வருடம் ஒரே பிரியாணிக் கடையில் நின்ற கை. உப்பை அள்ளிப் போட்டால் போட்டதுதான், ருசி பார்க்க மாட்டார் என்றார் ஒருவர். அண்டாவின் மூடியைத் தொட்டே பிரியாணியின் தம் பதத்தைச் சொல்லிவிடுவார் என்றார் இன்னொருவர். உள்ளறையில் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்த ஜெய்தூன் பீவிக்கு எல்லாம் கேட்டது. அவளும் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஆத்தூரில், நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு காலை வெயிலில் பார்த்த கை அது.

அந்தக் காலைக்கு ஏற்பாடு செய்தது மகள் பாஸிலா. 2004ஆம் வருடம். காந்திகிராமத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் அத்தாவுக்கும் கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

"நீங்க ரெண்டு பேரும் மட்டும் எங்கயாச்சும் போயிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"ஏன், நாகூருக்குப் போனோமே."

"வேன்ல பதினாலு பேரு போனோம். நானும் இருந்தேன். வாந்தி எடுத்தேன்."

மறு வாரமே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மூன்று இடங்களைத் தேடி, படத்தோடு அச்செடுத்து வந்துவிட்டாள். சின்னாளப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஓலைக் குடில்கள் போட்ட ஒரு விடுதி. ஆத்தூர் நீர்த்தேக்கத்தின் கரையில், ஜமீன்தார் ஒருவர் கட்டி, இப்போது வாடகைக்கு விடுகிற பழைய பங்களா. சிறுமலையில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் தங்கியிருந்த எஸ்டேட் பங்களா.

ஜெய்தூன் மூன்று தாள்களையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். சிறுமலைப் படத்தில் கண் நின்றது. பெரிய கண்ணாடி ஜன்னல். அதை ஒட்டி ஒரு தேக்குக் கட்டில். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, மலையை மூடிய மஞ்சு மட்டும். அந்தக் கட்டிலில் விடியும்போது படுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். தனியாக அல்ல.

அவள் யாரிடமும் சொல்லாத ஆசை ஒன்று இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவள் கண்விழித்தபோது பக்கத்தில் அவர் இருந்ததில்லை. கடைக்குக் கறி வந்து இறங்குவது மூன்றரை மணிக்கு. கிடாவைத் தானே பார்த்து எடுக்காவிட்டால் அவருக்கு ஆகாது. மூன்று மணிக்கு எழுந்து, அவள் தூக்கம் கலையக்கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் போய்ப் போட்டுக்கொள்வார். திரும்பி வர இரவு பத்தாகும். பெருநாள் அன்றைக்கும் தெருவே அவர் அண்டாவைத்தான் எதிர்பார்க்கும். விடியும்போது அவள் கை எட்டுகிற இடத்தில் இருப்பது, மடித்து வைத்த அவர் போர்வை.

மாஸ்டர் இரண்டு நாள் லீவு கேட்டதும் கடை முதலாளி மைதீன் பிச்சை அவரை மேலும் கீழும் பார்த்தார். "மாஸ்டர், உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வீட்டுல கூட்டிக்கிட்டு வெளிய தங்கப் போறேன்."

"உங்க வீட்டுலயா? அப்பப் போயிட்டு வாங்க. ரெண்டு நாளைக்கு நம்ம கடைச் சோறு ஊருக்கு விளங்காது. விளங்காமப் போனாப் போகுது."

இடத்தை நேரில் பார்க்காமல் முடிவு செய்ய மாட்டேன் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். மதியக் கூட்டம் கலைந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு முதலில் சின்னாளப்பட்டிக்குப் போனார். குடிலைக் காட்ட வந்தவனிடம், "சமையக்கட்டு எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டு நேரே அங்கே நடந்தார். பாத்திரத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் போகிற வாய்க்காலைப் பார்த்தார். சமையல்காரனின் நகத்தைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டார்.

"காலைல வடிச்ச சோத்த ஆவி காட்டி வச்சிருக்கான். அங்க வேணாம்."

"குடிலு எப்படிங்க இருந்துச்சு?" என்றாள் ஜெய்தூன்.

"குடிலா? வெளிய இருந்து பாத்தேன். குடிலு மாதிரிதான் இருந்துச்சு."

ஆத்தூருக்குப் போய் வந்த அன்று அவர் முகமே சரியில்லை. அங்கே வாட்ச்மேன் பொன்னுத்துரையே சமையல்காரனும். எண்ணெயை எத்தனை தடவை காய்ச்சினான் என்று அவனுக்கே தெரியவில்லையாம். மீன் முந்தாநாள் மீனாம். "தண்ணிய ஒட்டி வீட்டக் கட்டி வச்சுக்கிட்டு பழைய மீனு. அந்தச் சமையக்கட்டுக்குள்ள நான் காலே வைக்க மாட்டேன் புள்ள. வாசல்ல நிக்கவே முடியல."

பாஸிலா சிரித்தாள். "அத்தா, நீங்க தங்கப் போறீங்களா, வேலை கேட்டுப் போறீங்களா?"

"திங்கிற எடம் சுத்தமா இருந்தா படுக்கிற எடம் தானா நல்லாருக்கும். உனக்குத் தெரியாது."

சிறுமலைக்குப் பஸ் குறைவு. கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மதிய பஸ் பிடித்து ஏறி, கடைசி பஸ்ஸில் இறங்கி வந்தார். கையில் ஒரு சீப்பு மலைவாழை, காகிதத்தில் மடித்த மிளகு. வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"புள்ள, அது சமையக்கட்டு. துரை காலத்து விறகடுப்பு, ஆறு அடுப்பு வரிசையா. புகை ஒரு பொட்டு உள்ள நிக்கல. சமையல்காரன் பேரு சங்கிலி. நல்ல கை. என்னைப் பாத்ததும் கடைப் பேரச் சொன்னான். கோழிய நீங்களே அறுத்துக் குடுங்க பாய், மசாலா நான் அரைக்கிறேங்கிறான். அவனுக்குத் தம்மு மட்டும் சரியா வரலையாம். சொல்லித் தாரேன்னு சொல்லியிருக்கேன். வெள்ளன மூணு மணிக்கு அடுப்பப் பத்தவச்சிருவோம்னு பேச்சு."

ஜெய்தூன் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ஜன்னல் இருந்துச்சா?"

"சமையக்கட்டுக்கா? ரெண்டு இருக்கு. நல்ல காத்து."

அவள் உரித்த பழத்தை அவரிடம் நீட்டினாள். அவர் அந்த இரவும் மறுநாள் இரவும் சோற்றைப் பிசைந்தபடி ஆறு அடுப்பைப் பற்றியே பேசினார். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அந்த மஞ்சும் ஜன்னலும் தேக்குக் கட்டிலும் வேண்டும்தான். ஆனால் அந்தக் கட்டிலில் விடியும்போது அவள் தனியாகத்தான் கிடப்பாள். அது நிச்சயம்.

மூன்றாம் நாள் பாஸிலா, "அப்ப சிறுமலைக்கே போன் பண்ணிச் சொல்லிரவாம்மா?" என்றாள்.

"வேணாம். ஆத்தூருக்குச் சொல்லு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டர் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமலே கேட்டார். "ஆத்தூரா? அங்க மீனு..."

"நான் மீன் திங்கவா வாரேன்? சோறு கட்டி எடுத்துக்கிறேன். எனக்குத் தண்ணியப் பாக்கணும்."

"சங்கிலிகிட்ட சொல்லிட்டு வந்துட்டேனே. அவன் காத்துக்கிட்டு இருப்பான்."

"இன்னொரு நா நீங்க மட்டும் போயிச் சொல்லிக் குடுத்துட்டு வாங்க."

அவர் ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா குழம்பை ஊற்றினாள். எதையும் கேட்டுப் பழகாதவள் ஒன்றைக் கேட்டுவிட்டாள் என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. "சரி, ஆத்தூரே இருக்கட்டும்" என்றார்.

பங்களா உண்மையிலேயே பழையது. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. மாடி அறையில் இரும்புக் கட்டில். அசைந்தால் ஊருக்கே கேட்கும். ஜமீன்தாரின் படம் என்று ஒன்றை மாட்டியிருந்தார்கள், மீசை மட்டும்தான் தெரிந்தது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிந்தது. அதற்கு அப்பால் மலை. ஜெய்தூன் அந்தச் சாயங்காலம் முழுவதும் ஜன்னலை விட்டு நகரவில்லை. கட்டிக்கொண்டு வந்த இடியாப்பத்தையும் கறி வறுவலையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாஸ்டர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "சோம்பு செத்தக் கூடிப்போச்சு" என்றார். பிறகு, "நல்லாருக்கு" என்றார்.

மூன்று மணிக்குக் கட்டில் கிறீச்சிட்டது. அவள் விழித்துக்கொண்டாள். இருட்டில் அவர் உட்கார்ந்து, சட்டையைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

சுவரைத் தடவிய கை நின்றது. எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கடை எங்கோ இருந்தது. கீழே ஒரு சமையற்கட்டு இருந்தது. அதில் கால் வைக்க மாட்டேன் என்று அவரே சொல்லியிருந்தார்.

"பழக்கம் புள்ள. தூங்கு நீ."

"நீங்களும் படுங்க. போக எடமில்லாத எடமாத்தான் பாத்துப் புடிச்சேன்."

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. அவர் படுத்துவிட்டார்.

"அதுக்காகவா ஆத்தூரு?"

"ம்."

"இத மொதல்லயே சொன்னா என்ன?"

"சொன்னா மட்டும் அந்த ஆறு அடுப்ப மறந்துருவீங்களா?"

அவர் சிரித்த சத்தம் கேட்டது. செருப்பைக் கையில் எடுத்துப் போனாலும் தாழ்ப்பாள் சத்தத்தில் தினமும் விழித்துக்கொள்வேன் என்று அவள் சொன்னாள். அவருக்கு அது தெரியாது. முப்பது வருடம் அவள் தூங்குகிறாள் என்றே நம்பிப் போயிருக்கிறார். விடியற்காலைத் தொழுகைக்கு வக்து வந்ததும் இருவரும் எழுந்து தொழுதார்கள். அவர் முன்னால், அவள் ஒரு அடி பின்னால். கடையிலேயே தொழுதுவிடுகிற மனிதரின் முதுகுக்குப் பின்னால் நின்று பஜர் தொழுவதும் அவளுக்குப் புதிதாகத்தான் இருந்தது. பிறகு மறுபடி படுத்தார்கள். அவர் உடனே தூங்கிப்போனார்.

எட்டரை மணிக்குப் பொன்னுத்துரை கொண்டுவந்து வைத்த இட்லி கல்லாக இருந்தது. சாம்பாரில் எதுவும் இல்லை. "எப்படி பாய் இருக்கு?" என்று அவன் கேட்டபோது ஜெய்தூன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் நான்காவது இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு, "பசிக்கு நல்லாருக்குப்பா" என்றார்.

அடுத்த மாதம் தனியாகச் சிறுமலைக்குப் போய், சங்கிலிக்குத் தம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். இருவரும் சேர்ந்து இன்னொரு தடவை எங்கும் போகவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு, மூன்று மணிக்குக் கிளம்பும்போது அவளை மெல்லத் தொட்டு, "வாரேன் புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். செருப்பை உள்ளேயே போட்டுக்கொள்வார்.

உள்ளறைக்கு வெளியே பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்தக் கை இனி யாருக்கு வரும் என்று மைதீன் பிச்சை கேட்டுக்கொண்டிருந்தார். ஜெய்தூன் கண்ணை மூடிக்கொண்டாள். ஆத்தூர் ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரும்புக் கட்டிலில் அவர் வாயைத் திறந்தபடி தூங்கினார். வெளிச்சத்தில் அவர் தூங்குவதை அன்றுதான் அவள் பார்த்தாள். புருவத்தில் ஒரு நரை இருந்தது. வலது கை மட்டும் தூங்கவில்லை; போர்வைக்கு மேல், அண்டாவில் அகப்பையைத் தள்ளுவதுபோல, மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அவள் அதை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு அதுவும் தூங்கிப்போனது.